நாட்குறிப்பு என்னும் நல்லாவணம்

மன்னர்கள் முடிசூடிய நாளையும் படையெடுத்த நாளையும் கல்வெட்டுகள் சொல்லும். அரசாணைகளை ஆவணக் காப்பகங்கள் காத்து வைக்கும். ஆனால், காசிமேட்டு மீன் ஏலத்தில் ஒருநாள் காலையில் வஞ்சிரம் என்ன விலைக்குப் போயிற்று, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் எத்தனை மணி நேரம் வரிசையில் நின்றன, திருவொற்றியூர்த் தெருவொன்றில் தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் எந்த நேரத்தில் வரிசை கட்டின என்பவற்றை எந்தக் கல்வெட்டும் சொல்வதில்லை. அவை அன்றே காற்றோடு கலந்து போகின்றன. போனவற்றைப் பின்னால் தேடுவோர் வெறுங்கையோடு திரும்புகின்றனர்.

அன்றாடம் கண்டதையும் கேட்டதையும் தேதியிட்டு எழுதி வைத்தல் பொழுதுபோக்கன்று. அது ஒரு சமுதாயக் கடமை என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஓவ்வோர் ஊருக்கும் அது வேண்டும். துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த நம் வடசென்னைக்கோ அது மிகமிக வேண்டும். இக்கருத்தைச் சில சான்றுகளோடு ஈண்டு நிறுவ முனைகிறோம்.

பெரம்பூரில் பிறந்த நாட்குறிப்பு வேந்தர்

தமிழில் நாட்குறிப்பு என்றவுடன் நினைவுக்கு வருபவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவரைப் புதுச்சேரிக்காரர் என்றே பலரும் கருதுகின்றனர். அவர் பிறந்தது நம் பெரம்பூரில், ஆண்டு 1709. பின்னர்க் குடும்பம் புதுச்சேரியில் குடியேறியது. வணிகராக வளர்ந்து, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் காலத்தில் தலைமைத் துபாஷியாக உயர்ந்தவர் அவர். 1736ஆம் ஆண்டு தொடங்கி, 1761இல் மறையும் வரை, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அவர் குறிப்பெழுதினார்.

அவர் எழுதியது இலக்கியம் படைக்கும் நோக்கத்தோடு அன்று. காதில் விழுந்ததையும் கண்ணில் பட்டதையும், கப்பல்கள் வந்ததையும் போனதையும் எழுதி வைப்பதே தம் எண்ணம் என்று தொடக்கத்திலேயே அவர் கூறிவிடுகிறார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி முழங்கி வரவேற்றனர், துணி என்ன விலை, யார் யாரைப் பற்றி என்ன புறம் பேசினர், சோதிடர் என்ன சொன்னார் என்றெல்லாம் அன்றைய பேச்சுத் தமிழிலேயே எழுதிச் செல்கிறார். 1746ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையைக் கைப்பற்றிய செய்தி புதுச்சேரிக்கு வந்தபோது அங்கு நிலவிய பரபரப்பையும் அவருடைய ஏடுகளிலேயே நாம் காண முடிகிறது.

அவர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கழிந்து, 1846இல், அந்த ஏடுகள் வெளிச்சத்திற்கு வந்தன. 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவை ஆராய்வோர் எவரும் இன்று அவற்றைத் தாண்டிச் செல்ல இயலாது. ஒரு வணிகரின் தனிக் குறிப்பு ஒரு நூற்றாண்டின் சாட்சியமாயிற்று. புதுச்சேரியில் அவரோடு இவ்வழக்கம் நின்றுவிடவும் இல்லை. இரண்டாம் வீராநாயக்கர் என்பார் 1778 முதல் 1792 வரை எழுதிய நாட்குறிப்பும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

திமிஷ்க் நகரத்து நாவிதர்

"ஆனந்தரங்கர் பெருஞ்செல்வர், ஆளுநரோடு பழகியவர், அவர் எழுதலாம். நம்மைப் போன்ற எளியோர் எழுதி என்ன பயன்?" என்று வினவுவோர் உண்டு. அவர்களுக்கு விடையாக ஒருவரை அறிமுகப்படுத்துகிறோம்.

ஆனந்தரங்கர் புதுச்சேரியில் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், சிரியாவின் திமிஷ்க் நகரில் இப்னு புதைர் என்னும் நாவிதர் ஒருவர் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். ஒருவர் எழுதுவதை மற்றவர் அறிய வழியே இல்லை. நாவிதரின் குறிப்புகள் 1741 முதல் 1762 வரையிலான நிகழ்ச்சிகளைச் சொல்கின்றன. ரொட்டி விலை ஏறியதையும் ஏழைகள் பட்ட பாட்டையும் ஆளுநரின் மாளிகைப் பெருமிதத்தையும் ஹஜ்ஜுப் பயணியர் கூட்டம் கொள்ளையிடப்பட்ட கொடுமையையும் 1759ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தையும் அவர் எழுதினார். முடிதிருத்தும் கடை என்பது ஊர்ச்செய்தி எல்லாம் வந்து கூடும் இடமல்லவா? நாற்காலியில் அமர்ந்தவர் பேசியதைக் கேட்டவர், அதை வீணாக்காமல் ஏட்டில் ஏற்றினார். அக்காலத் திமிஷ்க் நகரத்துச் சாமானியரின் வாழ்வை அறிய இன்று உலகப் பல்கலைக்கழகங்கள் அந்த நாவிதரின் வாசலில் நிற்கின்றன.

இன்னும் பின்னே சென்றால், பக்தாதில் இப்னுல் பன்னா என்னும் அறிஞர் 1068, 1069ஆம் ஆண்டுகளில் தம் கையாலேயே எழுதிய நாட்குறிப்பின் ஒரு பகுதி கிடைத்திருக்கிறது. அதைக் கண்டு பதிப்பித்த அறிஞர் ஜார்ஜ் மக்திசி, தேதியிட்டு எழுதும் இவ்வழக்கத்தை ஹதீஸ் கலையோடு தொடர்புபடுத்தினார். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவரா என்று துருவித் துருவி ஆராயும் இஸ்னாத் மரபுக்கு, ஆண்டும் நாளும் இன்றியமையாதவை. எனவே நாட்குறிப்பு என்பது மேலைநாட்டார் நமக்குக் கற்றுத்தந்த புதுப்பழக்கம் என எண்ண வேண்டியதில்லை. நம் முன்னோர் கையிலிருந்து நழுவிய எழுதுகோலை மீண்டும் எடுக்கிறோம், அவ்வளவே.

எழுதாமையால் இழந்தவை

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். இராயபுரம் இரயில் நிலையம் 1856ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை ஓடிற்று. ஆளுநர் வந்ததும் விழா நடந்ததும் அரசு ஆவணங்களில் உள்ளன. அன்று அந்த இரும்புக் குதிரையைக் கண்டு இராயபுரத்துப் படகோட்டிகள் என்ன பேசிக்கொண்டனர்? இரயில் பாதை போட மண் சுமந்தவர் என்ன கூலி பெற்றனர்? அவர்கள் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட ஒரு வரிக்கு நாம் ஏங்கி நிற்கிறோம்.

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்தியது. அஞ்சிய மக்கள் பலர் ஊரைவிட்டே வெளியேறினர். கப்பல் அவ்வாண்டே அழிந்தது. ஆனால் தமிழில் அது அழியவில்லை. "அவன் பெரிய எம்டன்" என்று எவரையும் மடக்கும் ஆற்றலுடையவனை இன்றும் சுட்டுகிறோம். ஒரு போர்க்கப்பலைப் பெயர்ச்சொல்லாக்கி அடுப்பங்கரை வரை கொண்டுவந்த பெருமை நம் மக்களுக்கே உரியது! ஆயின், அச்சொல்லை முதலில் வழங்கியவர் யார், எத்தெருவில் பிறந்தது அது என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

இவற்றினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நம் கரையோரத்தில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிச் செல்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் எழுந்தபோது அந்த மணலோட்டம் தடைப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமையால் கடல் கரையைத் தின்றது. உலகம் வியக்கும் மெரினாவின் மணற்பரப்பும் இராயபுரம் முதல் எண்ணூர் வரை குவித்துள்ள கருங்கற்களும் ஒரே கணக்கின் வரவும் செலவும் ஆகும். வரவு பக்கம் சிலைகளும் பூங்காக்களும் நிற்கின்றன. செலவுப் பக்கம் போன தெருக்களுக்குப் பட்டியல்கூட இல்லை. "எங்கள் வீடு அதோ, அந்த அலைக்கு அப்பால் இருந்தது" என்று கைநீட்டிச் சொல்லும் முதியோர் நம்மிடையே உள்ளனர். எந்த ஆண்டு எந்த வீடு போயிற்று என்று கேட்டால் தெளிவான விடை வருவதில்லை. நினைவு என்பது ஈரமணலில் எழுதிய எழுத்து.

நினைவு மட்டும் போதாது என்பதற்கு நம் சமுதாயம் சார்ந்த சான்று ஒன்றையும் துணிந்து கூறுகிறோம். தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து, இராயபுரத்தில் வாழ்ந்து அடக்கமானவர் மெய்ஞ்ஞானப் பாவலர் குணங்குடி மஸ்தான் சாகிபு. தொண்டியிலிருந்து வந்தவராதலின் மக்கள் அவரைத் தொண்டியார் என்றனர் என்றும், அவர் பெயராலேயே தண்டையார்ப்பேட்டை அமைந்தது என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறோம். கேட்க இனிதாகவே உள்ளது. ஆனால் 1693ஆம் ஆண்டிலேயே எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு தண்டையார்ப்பேட்டையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கப்பட்டதாக ஆவணம் உள்ளது. மஸ்தான் சாகிபு பிறந்ததோ அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து! அம்மகானின் பெருமை அவர்தம் பாடல்களில் நிற்கிறது. ஊர்ப்பெயரின் துணை அதற்குத் தேவையில்லை. அறிவிப்பாளர் வரிசையில் காலம் பொருந்தாத செய்தியை ஒதுக்கிவைத்த மரபின் வழிவந்தோர், ஊர்க்கதையையும் அதே உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே முறை. இதனைப் பெரியோர் பொறுத்தருள்வர் என நம்புகிறோம்.

எழுத்து கேடயமாகும்போது

நாட்குறிப்பு வரலாற்றுக்கு மட்டுமே உதவும் என எண்ணற்க. நம் பகுதியில் அது உயிர் காக்கும் கேடயமாகவும் விளங்க வல்லது.

2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் விடியற்காலையில் காமராசர் துறைமுகத்தின் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கலந்தது. பெரிய பாதிப்பில்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. பின்னர் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் கரை கறுத்ததும், மீனவரும் மாணவரும் வாளிகளால் கசடை அள்ளியதும் நாடறிந்தவை. 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. படகும் வலையும் பாழாயின. அம்மாதமே 26ஆம் நாள் நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பம் பகுதியில் அமோனியா வாயு கசிந்து, மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர்.

இத்தகைய நாள்களில் செய்தியாளர் வருவர். ஒளிப்படக் கருவிகள் வரும். சில நாள்களில் எல்லாம் திரும்பிச் செல்லும். நாள்தோறும் மூக்கில் ஏறும் நெடியை எழுத வருபவர் யார்? எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்தத் திசைக் காற்றில், எவ்வகை நெடி வந்தது, வீட்டில் யாருக்கு இருமல் கண்டது என்று ஒரு தெருவில் பத்துப் பேர் ஓராண்டு எழுதி வைப்பாராயின், அதனைத் தள்ளிவிட எந்த அலுவலருக்கும் எளிதில் மனம் வராது. "அடிக்கடி நாற்றம் அடிக்கிறது" என்பது முறையீடு. "இன்ன நாள், இன்ன மணி" என்பது சாட்சியம். இரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவு ஓர் எழுதுகோலின் நீளமே.

கொசத்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிவதைப் பற்றி எண்ணூர்ப் பகுதி மீனவர் ஒருவர் 2016இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடினார். 2022இல் தீர்ப்பாயம் மின்வாரியத்தின் பொறுப்பைச் சுட்டித் தீர்ப்பளித்தது. ஆற்றின் ஆழத்தைத் தம் துடுப்பால் அளந்தவர்களின் கண்டறிவு அங்கு மதிப்புப் பெற்றது. அடையாற்று முகத்துவாரத்தையொட்டிய ஊரூர்க் குப்பத்திலும் மீனவர் ஒருவர் காற்றையும் நீரோட்டத்தையும் நாள்தோறும் கவனித்துக் குறிப்பெடுத்தது அண்மை ஆண்டுகளில் ஆய்வாளர்களின் கருத்தைக் கவர்ந்தது. கடலோடியின் அறிவு ஏட்டில் ஏறினால் அறிவியலும் அதனைச் செவிமடுக்கிறது.

சிரிப்பும் சேமிக்கத் தக்கதே

துயரத்தை மட்டும் எழுதுமாறு நாம் சொல்லவில்லை. நம் தெருக்களில் நகைச்சுவைக்குப் பஞ்சமா? ஆட்டோவின் முதுகில் "பிரசவத்திற்கு இலவசம்" என எழுதியிருப்பதை நாள்தோறும் காண்கிறோம், வியப்பதில்லை. இன்னும் இருநூறு ஆண்டு கழித்து ஓர் ஆராய்ச்சியாளர் அதனைப் படிப்பாராயின், பணமில்லாத ஒருவன் பிறருக்கு வழங்கிய அறக்கொடை எனப் போற்றுவார். தேநீர்க் கடையில் "கடன் அன்பை முறிக்கும்" என்னும் பலகையின் கீழேயே கடன் கணக்கு நோட்டு தொங்குவதும் நாம் காணாததன்று.

பேச்சும் அத்தகையதே. நாஷ்டா, பேஜார், கலீஜ், உஷார், ஜல்தி என வடசென்னைப் பேச்சில் புழங்கும் சொற்களில் பல உருதுவின் வழியாக வந்தவை. தெலுங்கும் ஆங்கிலமும் அவற்றோடு கைகோத்து நிற்கின்றன. துறைமுகத்தில் சரக்கு இறங்கும்போது சொல்லும் இறங்கியது. இதனைக் கொச்சை என்று ஒதுக்குவோர், ஆனந்தரங்கரின் ஏட்டிலும் அன்றைய கொச்சையே நிறைந்திருந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாம் மேடையில் செந்தமிழ் பேசுவோம். குறிப்பேட்டில் மக்கள் பேசியதைப் பேசியவாறே எழுதுவோம்.

பழந்தமிழ் ஏடுகளைத் தேடித்தந்த உ.வே.சாமிநாதையரும் தாம் கண்ட மனிதரையும் கேட்ட செய்திகளையும் உரைநடையில் எழுதி வைத்தார். சங்க இலக்கியத்தைப் பதிப்பித்த அதே கை, அன்றாடச் செய்தியையும் இழிவென ஒதுக்கவில்லை என்பது தமிழ்த்துறையினர் கருதத் தக்கது.

கைபேசிக் காலத்தில்

"இக்காலத்தில் எழுதாதவர் யார்? கைபேசியில் எல்லோரும் எழுதிக்கொண்டுதானே இருக்கின்றனர்?" எனலாம். உண்மையே. 2003ஆம் ஆண்டையொட்டித் தமிழர் பலர் இணையத்தில் தத்தம் பெயரில் பக்கம் அமைத்து அன்றாடக் காட்சிகளை எழுதத் தொடங்கினர். நற்செயல்தான். ஆயின் இரவல் நிலத்தில் கட்டிய வீட்டின் நிலை என்ன? இலட்சக்கணக்கான தனிமனிதப் பக்கங்களைத் தாங்கிய ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. யாஹூ குழுமங்கள் 2020இல் மறைந்தன. எழுதியவர் படியெடுத்து வைக்காதவை அவற்றோடு போயின. ஆனந்தரங்கரின் காகிதம் இருநூற்றைம்பது ஆண்டு கடந்தும் பேசுகிறது. இருபதாண்டுக்கு முன் எழுதிய இணையப் பக்கமோ திறக்க மறுக்கிறது.

மற்றொரு குறையும் உண்டு. வாட்ஸ்அப்பில் நாள்தோறும் வரும் செய்திகளுக்குத் தேதியில்லை, எழுதியவர் பெயரில்லை, இடமில்லை. "பெறப்பட்டது, அனுப்பப்பட்டது" என்பதே அவற்றின் வரலாறு. கேட்டதையெல்லாம் ஆராயாமல் பரப்புவதை நம் மார்க்கம் எத்துணை வன்மையாகக் கண்டிக்கிறது என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

செய்யத் தக்கவை

எனவே நாம் முன்மொழிவது எளிய திட்டம். தமிழ்த்துறை மாணவர் ஒவ்வொருவரும் வாரத்திற்கு ஒரு பக்கம் தம் தெருவைப் பற்றி எழுதட்டும். நாள், நேரம், இடம் மூன்றும் தலைப்பில் வரட்டும். கண்டது வேறு, கேட்டது வேறு எனப் பிரித்துக் காட்டட்டும். கேட்டதாயின், யாரிடம் என்பதைக் குறிக்கட்டும். பிறர் வீட்டு மறைவை வெளியிடாமையும், புறம் பேசாமையும் இதன் ஒழுக்கமாகட்டும். ஆண்டிறுதியில் அவற்றைக் கட்டடம் செய்து ஒரு படி கல்லூரி நூலகத்திலும் மற்றொரு படி ஊர் நூலகத்திலும் வைத்தல் வேண்டும். கணினியிலும் ஏற்றலாம்; காகிதத்தைக் கைவிடலாகாது.

மாணவியர்க்குச் சிறப்பாக ஒரு சொல். தண்ணீர் வரிசையும் ரேஷன் கடையும் மருத்துவமனைத் தாழ்வாரமும் பெரும்பாலும் பெண்களின் களங்கள். ஆனந்தரங்கரும் எழுதாத, திமிஷ்க் நாவிதரும் காணாத உலகம் அது. அதனை எழுத நீங்கள் வாராவிடில் வேறெவரும் வாரார்.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். மாணவர் குறிப்பேட்டோடு வாசலில் வந்து நின்றால், "இதெல்லாம் எதற்கு?" எனத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். உங்கள் இளமையில் கடல் எங்கிருந்தது, ஆலைச் சங்கு எப்போது ஊதிற்று, நோன்புக் கஞ்சி எந்தத் தெரு வரை சென்றது என்பவற்றை ஆண்டோடு சொல்லுங்கள். நீங்கள் விட்டுச் செல்லும் சொத்துகளில் பாகப்பிரிவினைக்கு ஆட்படாதது இஃதொன்றே.

வடசென்னையைப் பற்றித் திரைப்படம் எடுப்போர் பலர். அறிக்கை எழுதுவோர் பலர். அரிவாளும் குத்துச்சண்டையும் அவர்களுக்குக் கிடைத்துவிடுகின்றன. விடியற்காலையில் வலை பின்னும் கைகளும், இரவுப் பணி முடிந்து திரும்பும் தொழிலாளியின் மிதிவண்டி மணியோசையும் கிடைப்பதில்லை. அவற்றை அறிந்தோர் நாமே. நம்மைப் பற்றிப் பிறர் எழுதியதில் குறை காண்பதற்கு முன்னர், நாம் எழுதியது எங்கே என்னும் வினாவுக்கு விடை கூறியாக வேண்டும்.

நாவிதர் ஒருவர் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு எழுதுகோல் எடுத்தார். அவர் ஊர் பிழைத்தது. நம் கையிலும் எழுதுகோல் இருக்கிறது. இன்றைய தேதியிட்டுத் தொடங்குவோமாக.